முதல் நாள் வாங்குறவன் இளிச்சவாயனா? 3டிஎஸ் விலைக்குறைப்பும் அந்த 20 கேமும்

#1 பழைய_கார்ட்ரிட்ஜ்

பக்கத்து இழையில ஒருத்தர் "புது கன்சோல் வந்தா ஒரு வருசம் பொறுத்து வாங்கு, மொத நாள் வரிசையில நிக்கிறவன் இளிச்சவாயன்"னு எழுதிட்டுப் போயிருந்தார். அங்க பதில் போட்டா பேச்சு திசைமாறிடும், அதான் இங்க தனியா.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது நின்டெண்டோவோட கையடக்க கேம் கன்சோல் 3டிஎஸ். 2011 பிப்ரவரி 26 ஜப்பான்ல, மார்ச் 27 அமெரிக்காவுல வந்துச்சு. விலை 25,000 யென், அங்க 249.99 டாலர். ஜூலை 28-ஆம் தேதி அறிவிப்பு: ஆகஸ்ட் 11 முதல் ஜப்பான்ல 15,000 யென், மறுநாள் முதல் அமெரிக்காவுல 169.99 டாலர். அரை வருசம்கூட ஆகல, 80 டாலர் அவுட்.

முழு விலை கொடுத்தவங்களுக்கு 'அம்பாசடர்'னு ஒரு பட்டம் கட்டி, 20 பழைய கேம் இலவசமா கொடுத்தாங்க. 10 என்இஎஸ் (நின்டெண்டோவோட 80-கள் டிவி கன்சோல்) காலத்து கேம், 10 கேம் பாய் அட்வான்ஸ் (அவங்களோட பழைய கையடக்க மெஷின்) கேம்.

என் கேள்வி இதுதான். விலையைக் குறைச்சா முன்னாடி வாங்கினவனுக்கு ஏதாவது கொடுக்கணும்னு ஒரு கம்பெனிக்குக் கடமை இருக்கா? இருந்தா அது காசா இருக்கணுமா, பொருளா இருக்கணுமா?

#2 லெவல்99

கடமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விலையைப் பார்த்தே, பிடிச்சுது, வாங்கினே. கணக்கு அன்னிக்கே முடிஞ்சுது. ஆடித் தள்ளுபடிக்கு மொத வாரம் பட்டுப்புடவை எடுத்தவங்க கடைக்குப் போய் வித்தியாசத்தைக் கேட்டா கடைக்காரர் என்ன சொல்வார்?

அப்புறம் அந்த 20 கேம். ஐஸ் கிளைம்பர், ரெக்கிங் க்ரூ, பலூன் ஃபைட்... 80 டாலரைப் பிடுங்கிட்டு 80-கள்ல செஞ்ச பழைய சோத்தைத் தாளிச்சுப் பரிமாறியிருக்காங்க. அவங்களுக்கு இதுல பைசா செலவில்ல.

#3 பழைய_கார்ட்ரிட்ஜ்

தல, பட்டியலைப் பாதியோட நிறுத்திட்டீங்களே. அதே பத்துல சூப்பர் மாரியோ பிரதர்ஸ், செல்டா, மெட்ராய்டும் உண்டு. அடுத்த பத்தைப் பாருங்க: மெட்ராய்டு ஃப்யூஷன், மினிஷ் கேப், வாரியோ லேண்ட் 4, ஃபயர் எம்பளம் சேக்ரெட் ஸ்டோன்ஸ், மாரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட், யோஷிஸ் ஐலண்ட். பழைய சோறுன்னா இது நல்ல வீட்டுப் பழைய சோறு.

கணக்கும் போட்டுப் பாருங்க. என்இஎஸ் கேம் ஒண்ணு 3டிஎஸ் ஈஷாப்ல (மெஷினுக்குள்ளயே இருக்கிற ஆன்லைன் கடை) பின்னாடி 4.99 டாலருக்கு வித்தாங்க. பத்துக்கு 50 டாலர். கேம் பாய் அட்வான்ஸ் கேமை நின்டெண்டோவோட அடுத்த டிவி கன்சோல் வீ யூ-வுல ஏழு டாலர் வாக்குல வித்தாங்க, அது ஒரு 70. காகிதத்துல 80-ஐத் தாண்டிடுது.

#4 லெவல்99

"காகிதத்துல"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. 80 டாலரைக் கையில கொடுத்துட்டு இந்த இருபதையும் விலைக்கு வச்சிருந்தா எத்தனை பேர் இருபதையும் வாங்கியிருப்பாங்க? நான் மூணு வாங்கியிருப்பேன். மிச்சக் காசுக்குப் புது கேம்.

#5 ஸ்காபரோ_தம்பி

வணக்கம் அண்ணையள். நான் அந்த நேரம் இங்க கனடாவில ஒரு கடையில பகுதிநேரமா நிண்டனான், கேம் பகுதியில. அந்த ரெண்டு கிழமை கூத்தை நேர பாத்தனான், அதைச் சொல்லுறன்.

ஆர் அம்பாசடர் எண்டதுக்கு ரசீது ஒண்டும் கேக்கேல்ல. ஆகஸ்ட் 11 இரவு 11:59-க்கு முன்னம் (கிழக்கு நேரம்) மெஷினால ஒருக்கா ஈஷாப்புக்குள்ள போயிருந்தால் சரி. அவ்வளவுதான் நிபந்தனை. ஆனா மார்ச்சில வந்த பெட்டியளில ஈஷாப்பே இல்லை. அது ஜூனில வந்த அப்டேட்டோடதான் வந்தது. அப்ப பெட்டியைப் பிரிச்சு, சார்ஜ் போட்டு, வைஃபை பிடிச்சு, அப்டேட் இறக்கி, அதுக்குப் பிறகுதான் அந்த ஆரஞ்சுப் பை படத்தை அமத்தலாம்.

கடைசி நாள் பின்னேரம் ஒரு ஐயா பேரனுக்கெண்டு வாங்கிப்போட்டு, "வீட்டில இணையம் இல்லை தம்பி, இஞ்சயே செய்து தா" எண்டு கவுண்டரில நிண்டுட்டார். கடை வைஃபையில அந்த அப்டேட் அரக்கி அரக்கி இறங்குது. பின்னால வரிசை நீளுது. மேனேசர் என்னைப் பாக்கிறார், நான் மெஷினைப் பாக்கிறன். ஈஷாப் பாட்டுக் கேட்ட உடன ஐயா கை தட்டினார் பாருங்கோ.

சில கடையள் குறைச்ச விலையை ஒண்டு ரெண்டு நாள் முந்தியே போட்டிட்டினம். அங்க வாங்கினவைக்கு 80 டாலரும் மிச்சம், 20 கேமும் கிடைச்சுது. இழப்பே இல்லாதவைக்கும் இழப்பீடு!

#6 லெவல்99

அப்போ இது நஷ்டஈடே இல்லையே! மார்ச்சுல வரிசையில நின்னவனுக்கும் ஆகஸ்ட் 10 வாங்கினவனுக்கும் ஒரே பரிசுன்னா எதை ஈடு கட்டுனாங்க?

#7 கணக்கப்பிள்ளை

தம்பி #6-ல் கேட்டது சரியான கேள்வி. விற்பனைத் துறையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் என் பார்வையைச் சொல்கிறேன்.

ஒரு பொருளின் விலை குறையப்போகிறது என்று முன்கூட்டி அறிவித்தால், குறையும் நாள்வரை கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நம் ஊரிலேயே பார்த்தோம். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி குறைப்பை அறிவித்தார்கள், 22 முதல் அமல் என்றார்கள். பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆகப்போகிறது என்று தெரிந்தபிறகு நடுவில் எவர் வாங்குவார்? விசாரித்துவிட்டு "22-க்கு அப்புறம் வரேன்" என்று போனவர்கள்தான் அதிகம். ஆகஸ்டில் வாங்கியவருக்கு எவரும் எதுவும் தரவில்லை என்பது வேறு.

நின்டெண்டோவுக்கும் அதேபோல் இரண்டு வார இடைவெளி. அவர்களின் ஏப்ரல்-ஜூன் காலாண்டைப் பாருங்கள். உலகம் முழுக்க விற்ற 3டிஎஸ் 7 லட்சத்துச் சொச்சம்தான். நிகர நஷ்டம் 2,550 கோடி யென். விலைக்குறைப்பை அறிவித்ததும் அந்த நிதிநிலை அறிக்கை வந்த அதே நாளில்தான். ஏற்கெனவே படுத்துக் கிடக்கும் விற்பனையை இன்னும் இரண்டு வாரம் சுத்தமாக நிறுத்த முடியுமா? ஆகவே கெடுவை வாங்கிய தேதியில் வைக்காமல் ஆகஸ்ட் 11 இரவில் வைத்தார்கள். பழைய விலையில் வாங்கவும் ஒரு காரணம் கிடைத்தது. முன்னால் வாங்கியவர்களைச் சமாதானப்படுத்துவது ஒரு கை, கடையில் கிடக்கும் சரக்கை நகர்த்துவது இன்னொரு கை.

இன்னொன்று. பெரிய சந்தைகளில் உற்பத்தியாளர் விலையைக் குறைத்தால், கடைக்காரர் கையில் விற்காமல் இருக்கும் சரக்குக்கு வித்தியாசத் தொகையைக் கழித்துத் தருவது வழக்கம். ஒப்பந்தத்திலேயே இருக்கும். இல்லையென்றால் அடுத்தமுறை புதுச் சரக்கை எவனும் அதிகமாக எடுக்க மாட்டான். அதாவது, விலை இறங்கும் ஆபத்திலிருந்து கடைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. கடைசியில் காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போனவனுக்கு மட்டும் கிடையாது. முதல் மாதம் அந்தக் கன்சோலை ஊருக்கெல்லாம் காட்டி விளம்பரம் செய்கிறவனும் அவன்தான்.

சட்டப்படி கடமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரருக்குத் தரும் காரணம் அப்படியே வாங்குபவருக்கும் பொருந்துகிறது. அடுத்த கன்சோல் வரும்போதும் அவன் முதல் நாள் வர வேண்டாமா? என்னைக் கேட்டால் இது கருணையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. அடுத்த வரிசைக்குக் கொடுக்கும் முன்பணம்.

#8 நடுராத்திரி_ஆட்டம்

கணக்கப்பிள்ளை அண்ணா சொன்னதை ஆப்பிள் கதையோட வச்சுப் பாருங்க. 2007 ஜூன் 29 ஐஃபோன் வந்துச்சு, 8 ஜிபி 599 டாலர். செப்டம்பர் 5-ஆம் தேதி 399. ரெண்டு மாசம் சொச்சத்துல 200 டாலர் காலி. புகார் மெயிலா வந்து குவிஞ்சதும் மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். விலையைக் குறைச்சது சரிதான், தொழில்நுட்ப உலகம்னா இப்படித்தான், ஆனாலும் முன்னாடி வாங்கினவங்களை நாங்க பாத்துக்கணும்னு சொல்லி, ஆப்பிள் கடையில செலவழிக்க 100 டாலர் கிரெடிட் கொடுத்தார். கடைசி 14 நாளுக்குள்ள வாங்கினவங்களுக்கு மட்டும் வித்தியாசம் முழுசா திரும்பக் கிடைச்சுது.

காசு மாதிரி இருக்கும், ஆனா காசு இல்ல. ஆப்பிள் கடைக்குள்ளயே செலவழிக்கணும். நூறு ரூபா கூப்பனை எடுத்துட்டுப் போனவன் நூறு ரூபாயோடயா திரும்புவான்?

#9 ரிச்சி_தெரு_ரசிகன்

இதெல்லாத்துக்கும் முன்னாடியே கன்சோல்ல ஒரு கேஸ் இருக்கு, யாருமே பேசுறதில்ல. மொத எக்ஸ்பாக்ஸ். ஐரோப்பாவுல 2002 மார்ச் 14 வந்துச்சு, பிரிட்டன்ல 299 பவுண்டு. ஏப்ரல் 26-லயே 199. ஆறு வாரம்! மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. அதுக்கு மைக்ரோசாஃப்ட் என்ன செஞ்சுது தெரியுமா? முன்னாடி வாங்கினவங்களுக்கு ரெண்டு கேமும் ஒரு கன்ட்ரோலரும். அந்தக் காலத்து விலைக்கு அதுவே அந்த 100 பவுண்டுக்குக் கிட்ட வந்துடும்.

எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. கையில பிடிக்கிற மாதிரி ஒரு கன்ட்ரோலர். வீட்டுக்கு நண்பன் வந்தா ரெண்டு பேரும் ஆடலாம். டவுன்லோடு, பட்டம், சான்றிதழ் இதெல்லாம் நமக்கு ஆகாது பாஸ்.

#10 பழைய_கார்ட்ரிட்ஜ்

அம்பாசடர்களுக்குன்னு மெஷின்ல வந்த சான்றிதழை அவ்வளவு இளப்பமா சொல்லாதீங்க ஜி, நான் இன்னும் அழிக்காம வச்சிருக்கேன் :) ஹோம் மெனுவுல தனி ஐகானா உட்கார்ந்திருக்கும்.

கேம் எப்படி ஓடுச்சுன்னும் சொல்லணும். என்இஎஸ் பத்தும் செப்டம்பர் 1-ல கிடைச்சுது. அரைகுறைப் பதிப்பு, நடுவுல நிறுத்தி அதே இடத்துலேர்ந்து தொடர்ற வசதிகூட இல்ல. பின்னாடி எல்லாருக்கும் விக்க ஆரம்பிச்சப்போ எங்களுக்கும் முழுப் பதிப்பு இலவச அப்டேட்டா வந்துச்சு. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

டிசம்பர்ல வந்த கேம் பாய் அட்வான்ஸ் பத்து வேற ரகம். எமுலேட்டரே (பழைய மெஷின் மாதிரி நடிக்கிற மென்பொருள்) இல்ல, 3டிஎஸ் உள்ள இருக்கிற வன்பொருளே அந்தப் பழைய மெஷினா மாறி நேரடியா ஓட்டும். அதனால கேம் துல்லியமா இருக்கும். ஆனா அந்த நேரத்துல 3டிஎஸ்ஸோட மத்த வசதியெல்லாம் தூங்கிடும். மூடியை மூடினாலும் ஸ்லீப் ஆகாது, ஓடிக்கிட்டே பேட்டரியைக் குடிக்கும். பஸ்ல மினிஷ் கேப் ஆடிட்டு டப்புனு மூடிப் பையில போட்டீங்கன்னா, இறங்கும்போது சூடா இருக்கும்.

#11 ஸ்காபரோ_தம்பி

ஓம் ஓம்! நானும் பாத்தனான். பொக்கற்றுக்க அடுப்பு மாதிரி.

#12 மினிஷ்_பிரியை

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். நான் 3டிஎஸ் வாங்கியது 2013-ல், அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. மினிஷ் கேப் ஆட வேண்டும் என்று ஈஷாப் முழுக்கத் தேடினேன். விற்பனைக்கே இல்லை! காசு கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க முடியாது. ஏனென்றால் அந்தப் பத்து கேமையும் 3டிஎஸ்ஸில் மற்றவர்களுக்கு விற்கும் திட்டமில்லை என்று அம்பாசடர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். அந்தப் பத்து மட்டுமல்ல, கேம் பாய் அட்வான்ஸ் கேம் எதுவுமே 3டிஎஸ் ஈஷாப்பில் விற்பனைக்கு வரவில்லை.

3டிஎஸ் குடும்பம் மொத்தம் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. 2011 ஜூன் முடிவில் விற்றிருந்தது சுமார் 43 லட்சம். அதாவது, முதலில் வந்த சிறு கூட்டத்தைச் சமாதானப்படுத்தியதற்கான விலையை, பின்னால் வந்த பெருங்கூட்டம் கொடுத்தது. இதை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லையே, ஏன்?

#13 லெவல்99

செம்ம! இதுதான் பாயின்ட். அவங்க பைசா செலவில்லாம கொடுத்தாங்கன்னு நான் சொன்னேன். அந்தச் செலவு யார் தலையில விழுந்துச்சுன்னு இப்போ தெரியுது.

#14 கணக்கப்பிள்ளை

அம்மா #12, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நாளைக்கே எவர் வேண்டுமானாலும் ஏழு டாலருக்கு வாங்கலாம் என்றால், அந்த கேம் பாய் அட்வான்ஸ் பத்தும் வெறும் தள்ளுபடி கூப்பன். "வேறு எவருக்கும் கிடையாது" என்ற சொல்தான் அதற்கு எடையைக் கொடுத்தது. நிறுவனத்துக்கும் அதில் நஷ்டம் உண்டு. 3டிஎஸ் வைத்திருந்த கோடிக்கணக்கானோருக்கு மினிஷ் கேப் விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்தை வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆகவே பைசா செலவில்லை என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். வராமல் போன வரவும் செலவுதான்.

#15 மினிஷ்_பிரியை

ஏற்கிறேன், பாதி. சும்மா ஒரு வருடம் மட்டும் அவர்களுக்கென்று வைத்துவிட்டு அப்புறம் விற்றிருக்கலாம். என்இஎஸ் பத்துக்கும் அப்படித்தானே செய்தார்கள், எந்த அம்பாசடரும் கோபித்துக்கொள்ளவில்லையே? கடைசியில் நான் மினிஷ் கேப் ஆடியது 2023-ல், நின்டெண்டோவின் பிந்தைய கன்சோலான ஸ்விட்சின் ஆன்லைன் சந்தாவில் வந்தபோது. அதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

#16 நடுராத்திரி_ஆட்டம்

ஹாஹா. இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த ஜூலையில விலையை மட்டும் குறைக்கல. அப்போ நின்டெண்டோ தலைவரா இருந்த சதோரு இவாட்டா தன் சம்பளத்துல பாதியைக் குறைச்சுக்கிட்டார். மத்த பிரதிநிதி இயக்குநர்களுக்கு 30 சதவீதம், மற்ற உயர் அதிகாரிகளுக்கு 20. அப்புறம் வாங்கினவங்களுக்குத் தனியா எழுதினார்: கன்சோல் வந்து அரை வருசம் ஆகுறதுக்குள்ள இவ்வளவு குறைச்சது எங்க வரலாற்றுலயே கிடையாது, ஆரம்பத்துல நம்பி வாங்கினவங்களுக்கு ஏமாத்தப்பட்ட மாதிரி இருக்கும்னு தெரியும், ஆனா இதைச் செய்யலேன்னா இந்த மெஷின் பரவாது, பரவலேன்னா உங்களுக்குக் கேமே வராதுன்னு.

எனக்கு அந்தக் கடைசி வாதம்தான் முக்கியமா படுது. கன்சோல் வெறும் பெட்டி இல்லையே. விக்காத கன்சோலுக்கு எந்த ஸ்டுடியோவும் கேம் செய்யாது. முழு விலை கொடுத்தவன் கையில 80 டாலர் நஷ்டம், சரி. ஆனா விலை குறையாம இருந்திருந்தா 250 டாலரும் நஷ்டம். நவம்பர்ல சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பர்ல மாரியோ கார்ட் 7, ஜப்பான்ல மான்ஸ்டர் ஹன்டர் எல்லாம் வரிசையா வந்துச்சு. 2012 மார்ச் முடிவுக்குள்ள மொத்த விற்பனை 1.7 கோடியைத் தாண்டிடுச்சு. அதுக்காக அடக்கவிலைக்கும் கீழ வித்தாங்க, அந்த நிதியாண்டுல 4,320 கோடி யென் நிகர நஷ்டம், அதையும் சொல்லணும்.

#17 லெவல்99

அப்போ விலைக்குறைப்பே ஒரு இழப்பீடுன்னு சொல்றீங்க. நல்லாருக்கு கதை! அப்புறம் எதுக்கு 20 கேம்? அடுத்தது வீ யூ. 2012 நவம்பர்ல 349 டாலருக்கு வந்துச்சு, 2013 செப்டம்பர்ல 50 டாலர் குறைச்சாங்க. அப்போ முன்னாடி வாங்கினவனுக்கு அம்பாசடர் பட்டம் ஏன் வரல? 3டிஎஸ்ஸுக்குக் கொடுத்தது கொள்கையா இருந்தா இங்கயும் வந்திருக்கணும். வரல. அப்போ ஊர் எவ்வளவு சத்தம் போடும்னு பாத்துத்தான் கொடுக்குறாங்க.

#18 கணக்கப்பிள்ளை

பத்து மாதம் கழித்து 50 டாலர் என்பதும், ஐந்து மாதத்துக்குள் 80 டாலர் என்பதும் ஒன்றல்ல தம்பி. வாங்கியவன் தன் காசுக்கு அனுபவித்த காலம் என்று ஒன்று இருக்கிறது. ஆப்பிள் முழு வித்தியாசத்தை 14 நாளுக்குள் வாங்கியவருக்கு மட்டும் கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். என் அளவுகோல்: ஒரு மாதத்துக்குள் என்றால் முழு வித்தியாசம், அரை வருடத்துக்குள் என்றால் ஏதாவது ஒன்று, அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆனால் "சத்தம்" பற்றிச் சொன்னது உண்மை. 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலையைக் குறைத்தபோது, சமீபத்தில் வாங்கியவர்கள் ஷோரூம்களில் திரண்டு சத்தம் போட்டார்கள். இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. காருக்கு அடுத்த வருடமே அடுத்த கார் வாங்கப்போவதில்லை. கன்சோல்காரனுக்கு மாதாமாதம் கேம் விற்க வேண்டும். அவனைப் பகைத்துக்கொள்ள முடியாது.

#19 ரிச்சி_தெரு_ரசிகன்

கேமுக்கே இப்போ இந்த வழக்கம் வந்துடுச்சே. கவுன்டர் ஸ்ட்ரைக் 2018 டிசம்பர்ல இலவசமானப்போ காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு பிரைம் அந்தஸ்து கொடுத்தாங்க. ராக்கெட் லீக், ஃபால் கைஸ், பப்ஜி பிசி எல்லாத்துலயும் பழைய ஆளுங்களுக்கு ஏதோ ஒரு தொப்பியோ பேட்ஜோ. காசு கொடுத்தவனுக்கு ஒரு தொப்பி. அதைப் போட்டுக்கிட்டு ஆடுனா "ஓ, நீ பழைய ஆளா"ன்னு ஒருத்தன் சாட்ல கேக்குறான். அதுலயும் ஒரு சந்தோசம் இருக்கத்தான் செய்யுது, பொய் சொல்லக் கூடாது.

#20 மினிஷ்_பிரியை

இந்த விவாதமே இனிமேல் தேவைப்படாது போலிருக்கிறதே. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் சோனியின் பிஎஸ்5 கன்சோல் விலையை 50 டாலர் ஏற்றினார்கள், வந்து ஐந்து வருடம் ஆகப்போகும் மெஷினுக்கு! ஸ்விட்சும் அதே மாதம் ஏறியது. முதல் நாள் வாங்கியவர்தான் இப்போது புத்திசாலி. அவரிடம் போய் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள் லெவல்99-ஐ.

#21 லெவல்99

😂 சரி அக்கா, அந்த ஒண்ணுல தோல்வியை ஒத்துக்கிறேன். ஆனா 20 கேமுக்குப் பதில் 80 டாலர்தான் கேட்டிருப்பேன், அதுல மாற்றமில்ல.

#22 புதுசு_கண்ணா

அண்ணன்மாரே, இழையை முழுசா படிச்சேன். பழைய நீல நிற 3டிஎஸ் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. விக்கிறவர் "அம்பாசடர் மெஷின், அதனால ரெண்டாயிரம் கூட"ன்னு சொல்றார். நம்பி வாங்கலாமா? ஈஷாப்தான் 2023-லயே மூடிட்டாங்களே?

#23 பழைய_கார்ட்ரிட்ஜ்

2023 மார்ச்ல மூடுனது புதுசா வாங்குறதை மட்டும்தான் தம்பி. ஏற்கெனவே உரிமை இருக்கிறதைத் திரும்ப இறக்கிக்கலாம். அந்த உரிமை மெஷினோட ஒட்டினது, ஆனா சிஸ்டம் டிரான்ஸ்ஃபர் பண்ணி வேற மெஷினுக்கு எடுத்துட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால வாய்ப்பேச்சை நம்பாதே. நேர்ல போ, உன் ஃபோன் ஹாட்ஸ்பாட்ல மெஷினை இணை, ஈஷாப்ல மறுபதிவிறக்கப் பட்டியலைத் திற. இருபது கேமும் அங்க இருந்தா ரெண்டாயிரம் கொடுக்கலாம். மினிஷ் கேப்பை அவர் முன்னாடியே இறக்கி ஓட விட்டுப் பாரு. விக்கிறதுக்கு முன்னாடி பார்மட் பண்ண வேண்டாம்னும் சொல்லிடு.

கீல் பக்கம் விரிசல் இருக்கான்னும் பாத்துக்கோ.